போக்காடு

வேளாங்கண்ணி
3.2.1971

அண்ணனுக்கு,

தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நான். நேற்று முழுக்க ‘நலம்தானா’ என்று எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

தஞ்சாவூர் கோர்ட்டில் தீர்ப்பு வாசித்தபோது நான் வராந்தாவில்தான் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். ‘என் தங்கச்சியைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது’ என்று உங்கள் வக்கீலிடம் நீங்களே சொன்னீர்களாமே, ஏன்? மிராசுதாரின் காரியக்காரர் கோவிந்தராசு களத்தில் வெட்டுப்பட்டுச் செத்த அன்றைக்கு நீங்கள் நெடுங்கரையிலேயே இல்லை. போன வருஷம் பொங்கல் கழித்துக் கரும்பும் வெல்லமும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தீர்கள். என் அறை வாசலில் உட்கார்ந்து, குழம்பில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். கன்னியாஸ்திரி மடத்துத் தென்னை மரத்தில் மதர் உங்களை ஏற்றிவிட்டார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன். நீங்கள் போட்ட ஆணை.

இனிமேல் இருக்கமாட்டேன். தண்டனையை உறுதிசெய்ய வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போகிறது. லியாகத் அலி என்று நாகப்பட்டினத்துக்காரர், மெட்ராஸில் வக்கீலாக இருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘உங்க அண்ணன் ஒரு ஸ்கேப்கோட்மா’ என்றார். உங்களை வந்து பார்ப்பார். தயவுசெய்து அவரிடமாவது வாயைத் திறந்து பேசுங்கள்.

ராசம்மாள்


மத்திய சிறை, திருச்சி
15.2.1971

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். அதனால் யோசித்து எழுது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று வார்டர் சொன்னார். ‘ஒங்க வீட்டுல பையன் இருந்தா சொல்லுங்க சார், பொண்ணு குடுக்கறோம்’ என்றேன். சிரித்துவிட்டார். இங்கே சிரிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

குழம்பில் உப்பில்லை என்பது உண்மை. மற்றதையெல்லாம் மறந்துவிடு.

வக்கீல் என்னை இங்கிலீஷில் ஏதோ ஆடு என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். கோட் என்றால் ஆடு, அது எனக்கும் தெரியும். அதற்கு முன்னால் இருக்கிற வார்த்தை என்ன? திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா? பலிகடா என்று சொல்கிறாரோ? அதை நேராகவே சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் வராது. இங்கே பொழுது போகாமல் கிடக்கிறேன். அது எங்கிருந்து வந்த வார்த்தை என்று உன் மதரிடம் கேட்டு விவரமாக எழுது. அவர் பெரிய படிப்பாளி.

ஹைகோர்ட்டு, மனு எல்லாம் வேண்டாம். நான் செய்த சத்தியம் உனக்குத் தெரியும்.

வைரக்கண்ணு


வேளாங்கண்ணி
27.2.1971

அண்ணனுக்கு,

பலிகடா இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மதர் கேரளத்துக்காரர். அவர் பேசுகிற தமிழில் பாதி மலையாளம், ஆனால் வேதப் புத்தகம் முழுக்க மனப்பாடம். ‘அது வேற, இது வேற’ என்று சொல்லிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்.

அந்தக் காலத்து யூதர்கள் வருஷத்துக்கு ஒருநாள் ஊர்ப் பாவத்தையெல்லாம் கழிப்பார்களாம். பூசாரி முன்னால் இரண்டு வெள்ளாட்டுக் கிடாக்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எது எதற்கு என்று மனிதர்கள் முடிவுசெய்யக் கூடாது; சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்றை அங்கேயே அறுத்து ஆண்டவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். நாம் பலிகடா என்று சொல்வது அதைத்தான். இன்னொன்றை அறுக்கமாட்டார்கள். பூசாரி அதன் தலையில் இரண்டு கையையும் வைத்து, ஜனங்கள் செய்த அக்கிரமம் அத்தனையையும் வாய்விட்டுச் சொல்லி அதன்மேல் ஏற்றிவிடுவார். பிறகு ஓர் ஆள் அதை ஓட்டிக்கொண்டுபோய் மனுஷ நடமாட்டமில்லாத வனாந்தரத்தில் விட்டுவிட்டு வருவான். ஊர் சுத்தமாகிவிடும்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இதை இங்கிலீஷில் எழுதியபோது, தப்பிப் போகிற ஆடு என்ற பொருளில், எஸ்கேப்பைச் சுருக்கிக் கோட்டோடு சேர்த்து ஒரு புதுச் சொல் கட்டினாராம். மூல மொழியில் அந்த இடத்தில் இருக்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று படிப்பாளிகளுக்குள் இன்னும் சண்டை தீரவில்லையாம். ஒரு பேயின் பெயர் என்கிறவர்கள்கூட உண்டு. இப்போது இங்கிலீஷ் பேசுகிறவர்கள் ஆட்டையும் மறந்துவிட்டார்கள், பூசாரியையும் மறந்துவிட்டார்கள். ஆபீசில் ஃபைல் தொலைந்து பியூனை மாட்டிவிட்டாலும் அந்தப் பியூன் ஸ்கேப்கோட்தான். தமிழ் வேதத்தில் போக்காடு என்று போட்டிருக்கிறார்கள். போக விடுகிற ஆடு.

சீட்டுப் போடுகிற இடம் வந்ததும் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னேன். நம் ஊர்க் காளியம்மன் வாசலில் நடந்ததை நான் இங்கே எழுதவேண்டியதில்லை. ஒன்றுதான் என் நெஞ்சை அறுக்கிறது. அந்த ஜனங்கள் தங்கள் பாவத்தைச் சுமந்த ஆட்டை உயிரோடு போகவிட்டார்கள். உங்களை அப்படிக்கூட விடவில்லையே, அண்ணே.

ராசம்மாள்


மத்திய சிறை, திருச்சி
14.3.1971

தங்கச்சிக்கு,

லியாகத் அலி வந்திருக்கிறார். இதைத் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து உன் கையில் தருவதாகச் சொன்னார். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் ஆட்டுக் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் ஆடு மேய்த்தவன். வளர்ப்பு ஆட்டைக் கொண்டுபோய் வனாந்தரத்தில் விட்டால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? தண்ணீர் ஏது? நரி சும்மா இருக்குமா? கையில் ரத்தம் படாமல் கொல்கிறார்கள், அவ்வளவுதான். இதில் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். பொழுது சாய்ந்தால் ஆடு தானாகப் பட்டிக்குத் திரும்பி வரும். அந்தக் கிடாவும் வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிட்டால் அந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? கேட்டு எழுது.

இப்போது நம் கதை. உன்னைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் நான் ஊருக்குள் வரும்போது தெருவில் ஓர் ஆண் இல்லை. எல்லாரும் ஆற்றோரக் கோரைப்புல்லுக்குள் படுத்துக் கிடந்தார்கள். போலீஸ் வந்து பானை சட்டியெல்லாம் உடைத்துப்போட்டிருந்தது. வேம்பு அத்தைக்குக் கை ஒடிந்திருந்தது. ‘ஒருத்தன ஒப்படைங்க, மத்தவன்லாம் வேலைக்குப் போவலாம்’ என்று சொல்லியனுப்பினார்கள். கதிர் முற்றி நிற்கிறது. ஆண்கள் வெளியே வராவிட்டால் வெளியூர் ஆட்கள் அறுத்துக்கொண்டு போவார்கள், தெரு வருஷம் முழுக்கப் பட்டினி.

வெட்டியது மருதையன் மாமா. காரியக்காரர் வேல்கம்பை ஓங்கிக்கொண்டு வந்தார், மாமா கையில் இருந்த அரிவாளை வீசிவிட்டார். அவரைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. அன்று ராத்திரி எல்லாரும் கூடியபோது நம் அம்சம் அக்கா, புருஷனுக்கு என்ன ஆகுமோ என்று கைக்குழந்தையோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தது. வீரையன் பெரியப்பாதான், ‘அம்மங்கிட்ட வுட்டுடுவம்’ என்றார். பூக்கட்டிப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு பொட்டலம். எல்லாவற்றிலும் நந்தியாவட்டை, ஒன்றில் மட்டும் செம்பருத்தி. வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி, அம்மன் காலடியில் கொட்டிக் கலைத்தார்கள். சிவப்பு யாருக்கோ அவன் போகவேண்டும்.

செம்பருத்தி பெரிய பூ. அது இருந்த பொட்டலம் வயிறு உப்பித் தெரிந்தது. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள். நான் பார்த்துத்தான் எடுத்தேன்.

தியாகம் என்று நினைத்துவிடாதே. நான் போட்ட கணக்கு வேறு. செய்யாதவன் போய் நின்றால் கேஸ் எப்படி நிற்கும்? உண்மையைக் கண்டுபிடிக்கத்தானே கோர்ட்டு வைத்திருக்கிறார்கள்? நாலு அடி வாங்குவோம், குறுவை நடவுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம் என்று நினைத்தேன். ‘நீ ஊர்லயே இல்லாதவன், ஒன்னய ஒண்ணும் பண்ண முடியாதுடா’ என்று பெரியப்பாவும் சொன்னார். யார் பெயரையும் சொல்லமாட்டேன், நான் அங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்று எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். கோர்ட்டு தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பினேன். நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஜட்ஜ் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவர்கள் யாரும் எதையும் தேடவே இல்லை.

வக்கீலிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். மாமாவை நினைத்துப் பார்.

வைரக்கண்ணு


வேளாங்கண்ணி
2.4.1971

அண்ணனுக்கு,

இதுவும் வக்கீல் கையில்தான் வருகிறது. உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். எந்தக் கோர்ட்டு தானாக உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறது?

மதரிடம் சாட்சி கேட்டேன். ‘உன் சகோதரன் மரம் ஏறினது ஓர்மை உண்டு. பொங்கல் கழிஞ்சு ஒரு நாள். எந்தத் தேதின்னு எனக்கு நிச்சயம் இல்ல மோளே. வேதத்தில் கை வச்சு நிச்சயம்னு சொல்லமாட்டேன்’ என்றார். என் பேச்சு, தங்கை பேச்சு என்று தள்ளிவிடுவார்களாம். ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னால்தான் எடுபடும் என்கிறார் வக்கீல். அதனால் குடவாசலில் இறங்கி நெடுங்கரைக்குப் போனேன்.

தெருமுனையில் உங்கள் படம் ஒட்டியிருக்கிறது. தேர்தலுக்கு ஒட்டியது. ‘தியாகி வைரக்கண்ணு’ என்று கொட்டை எழுத்து. உயிரோடு இருக்கிறவரைத் தியாகி ஆக்கி ஓட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா வீட்டில் எனக்கு மீன் குழம்பு வைத்தார்கள். மாமா தின்னவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். வீரையன் பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார்.

‘அண்ணன் அன்னைக்கிக் களத்துல இல்லன்னு யாராவது ஒருத்தர் வந்து சொன்னாப் போதும் பெரியப்பா. வேற எதுவும் சொல்ல வேணாம்’ என்றேன்.

‘அவன் இல்லன்னா வேற யாரு இருந்தான்னு கேப்பானுவல்ல? மறுபடியும் தெருவுக்குள்ள போலீசு லாரி வரும். ஒனக்கென்ன, நீ வேளாங்கண்ணில இருக்குற. அம்மன் எடுத்த முடிவும்மா அது.’

‘அம்மன் எடுக்கல. அண்ணன் பாத்துத்தான் எடுத்துச்சு’ என்று சொல்லிவிட்டேன்.

மூங்கில் பிளக்கிற சத்தம் நின்றுவிட்டது. பிறகு பெரியப்பா, ‘தானா ஏத்துக்கிட்டவன நாம என்னத்தப் பண்றது’ என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டது. ‘பாப்பா, அவன் தனியாளு பாப்பா’ என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னது. அக்காவைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை, தேற்றவும் மனசு வரவில்லை. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கிடா திரும்பி வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். புத்தகத்தில் அதுபற்றி ஒன்றும் இல்லை. ஆனால் பிற்காலத்தில் நடந்ததாக ஒரு செய்தி உண்டு என்றார் மதர். திரும்பி வந்துவிடக் கூடாது என்று, அதை ஓட்டிப்போன ஆளே ஒரு மலை விளிம்பில் நிறுத்திப் பின்னாலிருந்து தள்ளிவிடுவானாம். நெடுங்கரைக்குப் போய்வந்த பிறகு அது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

அண்ணே, வக்கீல் மறுபடி வருவார். அம்மன் உங்களைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுங்கள்.

ராசம்மாள்


மத்திய சிறை, திருச்சி
18.4.1971

தங்கச்சி,

நேற்று எனக்கு எடை பார்த்தார்கள். எல்லாருக்கும் மாதா மாதம் பார்ப்பதுதான், பயப்படாதே என்கிறார் வார்டர். தூக்குக் கயிற்றின் நீளத்துக்கும் எடைதான் கணக்காம், எனக்கு நம்பிக்கை இல்லை. தராசில் நிற்கும்போது கால் நடுங்கி முள் நிற்கவே இல்லை. எடை பார்த்தவர் திட்டினார்.

எனக்குச் சாக இஷ்டமில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வந்த நாளிலிருந்து வார்டரிடம் விளையாட்டாகப் பேசிக்கொண்டு இருந்தேனே, எல்லாம் பொய். எப்படியும் யாராவது வந்து கதவைத் திறந்து, தப்பு நடந்துபோச்சு, வீட்டுக்குப் போ என்று சொல்வார்கள் என்ற தைரியத்தில் பேசியது. நீ எழுதின மலை விளிம்பு கண்ணை மூடினால் தெரிகிறது. அந்த ஆடு தன்னை ஓட்டிவந்தவனை நம்பித்தானே அவ்வளவு தூரம் நடந்திருக்கும்?

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற லியாகத் அலி நீட்டின காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் களத்தில் இல்லை, வேளாங்கண்ணியில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறது. மாமா பெயரைச் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது. அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். வக்கீல் இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சத்தியத்தை முறித்துவிட்டேன். அம்மன் என்ன செய்வாளோ செய்யட்டும். அக்காவிடம் போய்ச் சொல், மாமாவைக் கொஞ்ச நாளைக்கு எங்கேயாவது போகச் சொல். அக்கா என்னைச் சபித்தாலும் சபிக்கட்டும். நீ மட்டும் என்னைக் கைவிட்டுவிடாதே. ஏதாவது செய். சீக்கிரம் செய்.

வைரக்கண்ணு


வேளாங்கண்ணி
20.5.1971

அண்ணனுக்கு,

நல்லது கெட்டது இரண்டும் இருக்கிறது. கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் மனுவை எடுத்துக்கொண்ட ஹைகோர்ட்டு, புதிய சாட்சிகளைத் தஞ்சாவூர் கோர்ட்டிலேயே விசாரித்து அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறது. அது தெரிந்ததும் போலீஸ் தெருவுக்கு வந்தது. இந்தத் தடவை யாரையும் அடிக்கவில்லையாம். கேட்டார்கள், அவ்வளவுதான். நம் தெரு ஆண்கள் எல்லாரும், வைரக்கண்ணு களத்தில் இருந்தான், அவன் வெட்டியதைக் கண்ணால் பார்த்தோம் என்று வரிசையாகச் சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டார்கள். வீரையன் பெரியப்பா முதல் ஆள். மருதையன் மாமாவும் வைத்திருக்கிறார். எங்கும் ஓடவில்லை. ஓடவேண்டிய அவசியமே இல்லாமல் பண்ணிக்கொண்டார்.

இதைக் கேட்டு இரண்டு நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் கிடந்தேன். நேற்று மத்தியானம் வாசலில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அக்கா. மூன்று பிள்ளைகளோடு, ஒரு துணி மூட்டையோடு வெயிலில் நின்றது. ‘எந்தத் தேதி கோர்ட்டு?’ என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டது.

வக்கீல் கோர்ட்டு விடுமுறைக்கு நாகப்பட்டினம் வந்திருக்கிறார்; நேற்றே அக்காவைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசிவிட்டேன், இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. ஜூன் ஏழாம் தேதி சாட்சி. அக்கா உங்களுக்கு எழுதச் சொல்கிறது. அது சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

‘தம்பி, அக்கா பேசறேன். நீ நல்லா இருக்கியான்னு கேக்க எனக்கு யோக்கியத இல்ல. பாப்பா வந்து கேட்டப்ப நான் அது கால்ல வுழுந்தேன், எம் புருசன் உசுருக்காவ வுழுந்தேன். தப்புன்னு சொல்லமாட்டேன். இன்னொரு தடவ கேட்டாலும் வுழுவேன். நீ பேசாம இருந்த வரைக்கும் நானும் பேசாம இருந்தேன். ஆனா அன்னைக்கிக் கைநாட்டு வச்சிட்டு வந்து மையோட கைய நீட்டி எங்கிட்ட சோறு கேட்டாரு. வெட்டுனது கோவத்துல வெட்டுனது, அத நான் பொறுத்துக்கிட்டேன். இது யாரும் அடிக்காம, பட்டினி இல்லாம அடுப்பு எரியற நேரத்துல, யோசிச்சுப் பண்ணுனது. சோத்தப் போட்டுட்டுப் புள்ளைவளக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

கோர்ட்டுல ஏறி நீ அன்னைக்கி ஊர்ல இல்லன்னு சொல்லுவேன். யாரு வெட்டுனான்னு கேட்டா அதயும் சொல்லுவேன். காரியக்காரரு மொதல்ல குத்த வந்ததயும் சேத்துச் சொல்லுவேன். அத வச்சு அவருக்குத் தூக்கு வராதுன்னு வக்கீலு சொல்றாரு, வரலாம்னும் சொல்றாரு. பொறந்ததுலேருந்து ஒன்னயத் தூக்கி வளத்தேன். அவரு எம் புள்ளைவளுக்கு அப்பன். ஒன்னயக் காப்பாத்தறேனா, அவரக் கொல்றேனான்னு எனக்கே வெளங்கல.

சொல்லி முடிச்சிட்டு நான் கூண்ட வுட்டு எறங்கணும். ஒரு பக்கம் நீ நிப்ப, ஒரு பக்கம் அவரு நிப்பாரு. யாரு மொவத்தப் பாத்து எறங்கறது தம்பி? அத மட்டும் எழுதிப் போடு.’